வீடு காலி பண்ண ஒரு பிணம்

"ஐயோ...!"

அலறல் கேட்டது.

வெற்றிலைக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த பக்தவச்சலம் நாயுடு மீசைக்குள் சிரித்துக்கொண்டார். காலையிலிருந்து இந்த அலறலுக்காகத்தான் காத்திருந்தார்.

மறு விநாடி சிரிப்பு செத்தது.

திசை தப்பு!

வலது பக்கத்து வீட்டிலிருந்து வந்திருக்க வேண்டிய அலறல்... இடது பக்கத்து வீட்டிலிருந்து வந்தது.

வலது வீடு அவர் வாங்கி வாடகைக்கு விட்டது. மலைக்கோயில் மடைப்பள்ளிச் சமையல்காரரின் மனைவி பார்வதம் அங்கே குடியிருந்தாள்.

இடது வீடு மாமியார் தாயம்மாளுடையது. நாயுடு அங்கே வீட்டோடு மாப்பிள்ளை.

ஆடிக் கிருத்திகைக்கு ஒரு வாரம்தான் பாக்கி. காவடிக் கூட்டம் இறங்கிவிட்டால் திருத்தணியில் மாட்டுக் கொட்டகைக்குக்கூடக் கிராக்கி. வலது வீட்டைச் சத்திரமாக்க ரேணிகுண்டா வியாபாரி ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார் நாயுடு.

பார்வதம் நகர்ந்தால்தானே?

ஓடு மாற்றாமல் ஒழுக விட்டார். நகரவில்லை. கோர்ட்டுக்குப் போனார். ஒழுங்காக வாடகை தருகிறவளை எழுப்ப முடியாது என்றது சட்டம். பாக்கி வைக்கிறவனை விரட்டிவிடலாம். முதல் தேதியே கொண்டுவந்து நீட்டுகிறவளை யமனால்தான் விரட்ட முடியும்.

யமனையே கூப்பிட்டார் நாயுடு.

இன்று அவிட்ட நட்சத்திரம். அவிட்டத்தில் ஓர் உயிர் போனால், போன வீட்டை ஆறு மாசம் அடைத்துப் போட வேண்டும். கோயில் குடும்பம் அப்புறம் அங்கே அடுப்பு மூட்டுமா?

பிணத்துக்கு ஆள் பிடித்தார். மணவூர் ராஜவேலு. கூத்தில் செத்துச் செத்துப் பிழைத்தவன். தண்ணீர் கேட்டு உள்ளே போய் விழ வேண்டும். நாயுடு வண்டியில் தூக்கிப் போவார். பார்வதம் சாமான்களோடு போன பிறகு, 'வெறும் மயக்கம்தான், ஆள் பிழைத்துக்கொண்டான்' என்று சேதி வரும். தோஷமும் போச்சு, பார்வதமும் போயாச்சு.

தொட்டுப் பார்த்தால் அசையாமலிருக்க ஓர் அபின் உருண்டையும் கொடுத்திருந்தார்.

நாயுடு ஓடினார்.

மாமியார் வீட்டுக் கூடத்தில் ராஜவேலு மல்லாந்து கிடந்தான்.

"யாருன்னே தெரில மாப்ளே," தாயம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள். "அத்தை, அத்தைன்னு கூப்டுகினு வந்தான். தண்ணி மொண்டாரதுக்குள்ள விழுந்துட்டான்."

நாடி பார்ப்பதுபோல் குனிந்தார் நாயுடு. காதருகே கிசுகிசுத்தார்.

"எங்க விழச் சொன்னா எங்கடா விழுந்துகினு கீற? எழுந்து ஓடுடா."

ராஜவேலு அசையவில்லை.

பிரமாதமான நடிப்பு.

தொடையில் கிள்ளினார். நன்றாகத் திருகியே கிள்ளினார்.

ம்ஹும்...

மூக்கருகே விரலை வைத்தவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

மூச்சு இல்லை. உருண்டை கொஞ்சம் பெரிசாகிப் போய்விட்டது...

வாசலில் பூட்ஸ் சத்தம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஹெட் கான்ஸ்டபிள் பச்சையப்பன் வந்தார். ஆள் யாரென்று கேட்டார். ஜன்மத்தில் பார்த்ததில்லை என்று மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார் நாயுடு.

வாசலில் நின்ற பார்வதம் எட்டிப் பார்த்தாள்.

"இவரா? தெருமுனையில என்கிட்டதான் வழி கேட்டார். நாயுடு அனுப்பினார், அத்தை வீடு எதுன்னார். தாயம்மா வீட்டைக் காமிச்சேன்."

பச்சையப்பன் திரும்பினார். அவருக்கு முன்னால் தாயம்மாள் திரும்பிவிட்டாள். அழுகை நின்றிருந்தது.

"நீதான் அனுப்புனியா? அவிட்டமும் அதுவுமா என் வீட்ட அடைக்கவா? என்னைத் தெருவுல நிறுத்திட்டு வீட்ட அமுக்கலாம்னு பாத்தியா?"

"ஐயோ, இல்ல அத்தை..."

"சோறு போட்ட வீட்டுக்குப் பொணத்த அனுப்புறியே, நீ மாப்ளையா? இனிமே இந்த வீட்டு வாசப்படி மிதிக்காத."

மாமியார் வீடு கைநழுவிப் போகிறது... வேறெதுவும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

"உங்க வீட்டுக்கு அனுப்பவே இல்ல அத்தை! நான் அவனுக்குச் சொன்னது அத்தெ இல்லு. தெலுங்குல சொன்னேன், வாடகை வீடுன்னு! அத்தெக்கும் அத்தைக்கும் வித்தியாசம் தெரியாம அந்த மணவூர் மடையன்..."

நாக்கைக் கடித்துக்கொண்டார்.



பார்வதம் பிணத்தைப் பார்த்தாள். திரும்பித் தன் வீட்டைப் பார்த்தாள். கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ இவர் என் வீட்டுல சாகறதுக்காக..."



பச்சையப்பன் அவர் தோளில் கை வைத்தார்.

"வாங்க நாயுடுகாரு. உங்களுக்கு ஒரு வீடு ரெடியா கீது. அட்வான்ஸ் வேணாம், வாடகை வேணாம். ஒரே ஒரு தொந்தரவு... நீங்களா காலி பண்றேன்னு கெஞ்சினாலும் விட மாட்டாங்க."