முகத்தில் சோகம் போதவில்லை

பழைய இரும்புக் கேட்டைத் தள்ளிக்கொண்டு படக்காரர் உள்ளே வந்தபோது, வீட்டுக்குள்ளிருந்து தையல் மெஷின் சத்தமும் இரண்டு பெண்கள் சிரிக்கும் சத்தமும் கேட்டன. அவர் முகம் சுருங்கிவிட்டது. துக்க வீட்டில் சிரிப்பு என்ன வேண்டிக்கிடக்கிறது?

தனிமையைப் பற்றிய அவருடைய புகைப்பட நூலுக்கு அட்டைப்படம் மட்டும்தான் பாக்கி. படங்களால் கதை சொல்பவர் என்று அவருக்குப் பெயர். படம் பேச மறுத்தால் அதன் வாயில் இவரே வார்த்தையைத் திணித்துவிடுவார் என்பது அந்தப் பெயரைக் கொடுத்தவர்களுக்குத் தெரியாது. வறுமை வேண்டுமென்றால் செருப்பைக் கழற்றச் சொல்வார். பசி வேண்டுமென்றால் தட்டைக் காலி செய்துவிடுவார்.

கணவர் இறந்து ஒரு வருடமான தையல்காரம்மா நன்றாகவே இருந்தார். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. கூட இருந்த தங்கை வாயாடி. அக்கா இப்போதெல்லாம் படுத்தால் விடிந்துதான் எழுந்திருக்கிறாள், கல்யாணமான நாளிலிருந்து இந்த ஒரு மாதமாகத்தான் அப்படித் தூங்குகிறாள் என்று பெருமையடித்துக்கொண்டாள். படக்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தூக்கத்தை எவன் அட்டையில் போடுவான்?

வேலையை ஆரம்பித்தார். மெஷினைப் போர்த்தி மூடினார். பூப்போட்ட திரையைக் கழற்றினார். சாப்பாட்டு மேஜை முன்னால் அந்த அம்மாவை உட்காரவைத்து, ஜன்னலைப் பாதி அடைத்து, இறந்தவரை நினைத்துக்கொள்ளச் சொன்னார். அவரும் கொஞ்ச நேரம் நினைத்துப் பார்த்தார். கொட்டாவிதான் வந்தது.

எதிரே ஒரு காலி நாற்காலி இருந்தால் கதை நிற்கும் என்று தோன்றியது. தேடிக்கொண்டு பின்னறைக்குப் போனார். ஈரச் சுவரின் வாடை. மூலையில், சுவரைப் பார்த்தபடி, கை வைத்த மர நாற்காலி ஒன்று. யாரும் உட்கார முடியாதபடி அதன்மேல் துணி மூட்டைகளை ஏற்றியிருந்தார்கள்.

பின்னாலேயே வந்த தங்கையின் வாயாடித்தனம் நிலைப்படியோடு நின்றுவிட்டது.

"சார், அதை மட்டும் எடுக்காதீங்க," என்று கிசுகிசுத்தாள். "மாமாவோட நாற்காலி. அவர் போய் ஒரு மாசம்தான் ஆகுது."

"போன வருஷமே இறந்துட்டாருன்னு சொன்னீங்களே?"

"செத்தது போன வருஷம். போனது போன மாசம்."

செத்த பிறகும் வேளாவேளைக்கு அந்த நாற்காலிக்கு முன்னால் தட்டு வைக்கவேண்டியிருந்ததாம். வைக்காத நாளில் அக்காவின் கையில் விரல் தடம் விழுமாம். தட்டும் கிடையாது, உட்கார இடமும் கிடையாது என்று நாற்காலியைத் திருப்பிப் போட்ட பிறகுதான் மனிதர் போனாராம். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற ஆள் என்றாள்.

படித்தவர்கள் சிரிக்கும் சிரிப்பைச் சிரித்தார் படக்காரர். நாற்காலியைத் தூக்கிவந்து மேஜைக்கு எதிரே போட்டார். தட்டு வைத்தார். அதோடு விட்டாரா? மூட்டையிலிருந்து ஓர் ஆண் சட்டையை உருவி நாற்காலியின் முதுகில் மாட்டினார். எழப்போன தையல்காரம்மாவைத் தோளில் அழுத்தி உட்காரவைத்தார். இன்னும் கொஞ்ச நேரம்தான் என்றார்.

முதல் படம் எடுத்தார்.

இரண்டாவது படத்தில் அந்த அம்மாவின் உதடு வெளுத்தது.

"இதுதாம்மா," என்றார், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல். "இதைத்தான் இவ்வளவு நேரமா கேக்கறேன்."

பழைய வியர்வையின் வாடை அறையில் பரவியது.

நாற்காலியின் கால் தரையில் உரசியது.

"அக்கா, எழுந்து வா," என்று தங்கை சுவரோடு ஒட்டிக்கொண்டு முனகினாள். படக்காரர் கையை அசைத்து அவளை அடக்கினார். மேஜைமேல் கிடந்த அந்த அம்மாவின் மணிக்கட்டு, யாரோ இறுக்கிப் பிடித்தாற்போல் ஒடுங்கிக்கொண்டே போனது. துயரம் என்று நினைத்தார் அவர். காலமெல்லாம் அடுத்தவர் முகத்தைக் காட்டிப் பிழைத்தவருக்குப் பயம் எது, சோகம் எது என்று தெரியவில்லை. கேமராவின் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார்.

தையல்காரம்மா நாற்காலியைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"உங்களை நான் கூப்பிடல. கூப்பிட்டவரு அங்க நிக்கறாரு."

மறுகையை உயர்த்திப் படக்காரரைக் காட்டினார்.

புடைத்திருந்த சட்டை தொய்ந்து விழுந்தது.

அந்த அம்மா மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே எழுந்து தட்டைக் கவிழ்த்தார். செருப்பில் ஒட்டியதைப் பார்ப்பதுபோலப் படக்காரரைப் பார்த்தார்.

"படம் முடிஞ்சுதுல்ல? கெளம்புங்க, ரெண்டு பேரும்."

அவர் தனியாகத்தான் வந்திருந்தார்.

காரில் உட்கார்ந்து படங்களைப் புரட்டினார். முதல் படத்தில் வெறும் சட்டை. அடுத்ததில் சட்டைக்குத் தோள் இருந்தது. அதற்கடுத்ததில் கழுத்துப் பொத்தான் போட்டிருந்தது. கடைசிப் படத்தில் மறுபடி வெறும் சட்டை. அந்த அம்மாவின் விரல் நேராக இவரைச் சுட்டியது. எல்லாம் வெளிச்சக் கோளாறு என்று தீர்மானித்து, மூன்றாவது படம் அட்டைக்குப் பிரமாதம் என்ற திருப்தியோடு வண்டியை எடுத்தார்.

வழியெல்லாம் வியர்வை வாடை. கண்ணாடியை இறக்கிவிட்டும் போகவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டுக்கு வந்து மணியை அடித்தார். கதவைத் திறந்த மனைவி அவரைப் பார்க்கவில்லை. அவருடைய தோளுக்குப் பின்னால் பார்த்தார். பார்த்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

படக்காரர் திரும்பிப் பார்த்தார். படியில் யாரும் இல்லை.

"பெரியவரை வாசல்லயே நிக்க வெச்சிருக்கீங்களே," என்று மனைவி கடிந்துகொண்டார். பிறகு மலர்ந்த முகத்தோடு கதவை அகலத் திறந்தார். "உள்ள வாங்கய்யா. சாப்பிடலாம்."

படக்காரரின் தோளை இடித்துக்கொண்டு யாரோ முந்தி உள்ளே போனார்.