நாலு எம்.எம். சுவர்

கோவை கணபதியில் பகலெல்லாம் பம்ப் பாகங்கள் கடையும் பட்டறை அது. மாலை ஆறுக்கு மேல் பின்கட்டில் இருந்த மரம் கடையும் இரண்டு லேத்துகளில் எங்களுக்கு வகுப்பு நடக்கும். நானும் ஆல்வினும் மட்டுமே மாணவர்கள். சொல்லித்தந்த ரியாஸுக்கு முப்பது வயதுகூட இராது.

முதல் பூச்சாடி கடைய வேண்டிய அன்று காய்ந்த கட்டை தீர்ந்திருந்தது. அலமாரியின் அடியில் கவர் சுற்றி, ஈரம் காயாமல் ஒரு வாகைக் கட்டை கிடந்தது. வெளிப்புறம் சாடி வடிவில் கடைந்திருந்தது. உள்ளே மட்டும் குடையவில்லை.

"அது வேண்டாமுங்க நந்திதா. ஒருத்தர் பாதியில விட்டதை இன்னொருத்தர் தொட மாட்டோமுங்க" என்றார் ரியாஸ்.

"யாரோடதுங்க?"

"வரலட்சுமின்னு ஒரு அக்காங்க. சாடிச் சுவரு ரெண்டு எம்.எம். வரணும், வெளிச்சம் ஊடால தெரியணும்னு சொல்லிட்டே இருப்பாங்க. ஒருநாள் கிளாஸ் முடிஞ்சு போறப்ப லாரி மோதி..."

"மரந்தானுங்களே" என்று நான் எடுத்துக்கொண்டேன். அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"முதல் சாடிக்கு நாலு எம்.எம். போதும். அதுக்குக் கீழ போனா கிழிஞ்சுருமுங்க" என்றார்.

குடையும்போது உளியின் முனை கண்ணுக்குத் தெரியாது. காதுதான் கண். சுவர் தடிமனாக இருந்தால் சத்தம் மந்தமாக வரும். மெலிய மெலியக் கணீரென்று ஏறும். அன்று சுவர் 12 எம்.எம். நோட்டில் பென்சிலால் எழுதினேன். ஈர மரம் வெடிக்காமலிருக்கப் பிளாஸ்டிக் கவரைச் சுற்றி, லேத்திலேயே விட்டுவிட்டு வந்தேன்.

எப்போதும் பென்சில்தான். கம்பெனியில் என் வேலையே அளவு பார்ப்பது. போன மாதம் ஒரு புஷ் வளையத்தின் அளவு தப்பு என்றேன். "உனக்குப் பாக்கத் தெரியல கண்ணு" என்றார் சூப்பர்வைசர். அழித்துவிட்டு, அவர் சொன்ன எண்ணை எழுதினேன். சரக்கு மொத்தமும் திரும்பி வந்தது. பழி என்மேல் விழுந்தது.

வியாழக்கிழமை கவரைப் பிரித்து, காலிபரால் சுவரின் தடிமனை அளந்தேன். 10.

"மரம் காஞ்சு சுருங்கியிருக்குமுங்க" என்றார் ரியாஸ்.

இரண்டே நாளில் இரண்டு எம்.எம். சுருங்குமா?

"எலி தின்னுருக்கும் அம்மணி! இல்லைன்னா காலிபரைத் தலைகீழாப் புடிச்சிருப்பீங்க" என்று சிரித்தான் ஆல்வின்.

நோட்டில் 12-ஐ அழிக்க ரப்பரைக் கையில் எடுத்தேன். பிறகு கீழே வைத்தேன். அன்று உளியைத் தொடவே இல்லை. சாடியின் வாய்க்குக் குறுக்கே டேப் ஒட்டி, அதன்மேல் கையெழுத்துப் போட்டேன்.

சனிக்கிழமை டேப் பிரியவில்லை. கையெழுத்தும் கலையவில்லை.

சுவர் 7.

உள்ளே ஒரு பிடி சீவல். வெங்காயத் தோல்போல மெல்லியது. அப்படிச் சீவ எனக்கு இன்னும் கை வரவில்லை.

ரியாஸின் முகம் வெளுத்தது. "வேற கட்டை தர்றனுங்க. இதை விட்டுருங்க" என்று கிசுகிசுத்தார்.

விட்டால், என் அளவு மறுபடியும் தப்பென்றே ஆகும்.

"இதை முடிச்சுப்போட்டுத்தானுங்க போவேன்."

லேத்தை ஓட்டினேன். உளி சுவரை நோக்கித் தானாக இழுத்தது. முழங்கையை இடுப்போடு அழுத்திப் பிடித்தேன். சத்தம் ஏறியது. நிறுத்தி அளந்தேன். ஆறு. மறுபடி ஓட்டினேன். ஐந்து.

நான்கு. சுவிட்சை அணைத்தேன்.

லேத் நின்றது.

சுரண்டும் சத்தம் நிற்கவில்லை.

பச்சை மரவாடை மூக்கில் ஏறியது. ஆல்வின் கதவருகே போய் நின்றான். நான் சாடிக்குள் கையை விட்டேன்.

என் விரல்களுக்கிடையே வேறு விரல்கள் இருந்தன. ஈரமாக, மரத்தூள் ஒட்டி.

கையை வெளியே எடுக்கவில்லை.

"நாலுங்க அக்கா" என்றேன். குரல் நடுங்கியது, நடுங்கட்டும். "இது நான் வெச்ச அளவு. இதுக்கு மேல ஒரு இழைகூடச் சீவ விடமாட்டேன்."

அந்த விரல்கள் ஒருமுறை இறுகின. பிறகு இல்லை.

அன்றே சாடியை லேத்திலிருந்து அறுத்தெடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் படிப்பு மேசைமேல் வைத்தேன். வைக்கும்போது மேசைப் பலகையின் தடிமனையும் அளந்தேன், பழக்கதோஷம். 25.

ஞாயிறு காலை, ஜன்னல் வெயிலில் சாடியை அளந்தேன். நான்கேதான். வரலட்சுமி என் சொல்லுக்குக் கட்டுப்பட்டிருந்தாள்.

உள்ளே ஒரே ஒரு சீவல் சுருண்டு கிடந்தது. வெங்காயத் தோல்போல. ஆனால் வாகையின் பழுப்பு இல்லை, தேக்கின் மஞ்சள்.

என் மேசை தேக்கு.

காலிபரைப் பலகையில் வைத்தேன். ஒருமுறைதான் பார்த்தேன்.

நோட்டைத் திறந்து, பேனாவால் எழுதினேன்: 24.