பெரியவரின் சங்கிலி

தையல் மிஷினுக்கும் வாசல் கதவுக்கும் நடுவே, தரையில் ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தில், பெரியவர் மறுபடியும் சட்டென்று நின்றுவிட்டார். முட்டிக்கொள்ள அங்கே சுவர் இல்லை, மேஜை இல்லை. ஆனாலும் தலை மட்டும் பின்னுக்கு வெட்டியது, யாரோ கழுத்தைப் பிடித்துச் சுண்டியதுபோல.

பெரியவர் ஒரு நாய். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து பார்வை போய், ஒரு காதில் ஓயாமல் சீழ் வடிகிற கிழட்டு நாய். வந்த முதல் நாள், தையல்காரி வைத்த சாப்பாட்டை முகர்ந்துவிட்டு, கோபித்துக்கொண்ட மாமனார் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதிலிருந்து அவளுக்கு அது பெரியவர். மரியாதையும் கூடவே ஒட்டிக்கொண்டது.

“என்னங்க பெரியவரே, ரோடு முடிஞ்சு போச்சா?” என்று மிஷினை நிறுத்தாமலே கேட்டாள். பெரியவர் வாலைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு, வந்த வழியே மெல்லப் பின்வாங்கினார்.

அவரைத் தூக்கிக்கொண்டு வந்தது அவளும் அவள் தம்பியும்தான். பின் தெருவில் பூட்டிக் கிடந்த வீட்டின் கொல்லையில் கட்டிப்போட்டிருந்தது. வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனார். நாய் என்று ஒன்று இருப்பது சொந்தக்காரர்கள் ஒருவருக்கும் நினைவில்லை. தம்பி வேனைப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தியபோது, பக்கத்து வீட்டுப் பெண் மதில்மேல் எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

“அந்த ஆளு நாற்காலியைப் போட்டு உக்காந்துக்குவாரு. சங்கிலி முனை அவர் கையில. நாய் எழுந்து நாலடி நகர்ந்தா போதும், வளையம் வளையமா மடிக்கு இழுத்துச் சேர்ப்பாரு. ஒரு அதட்டல் கிடையாது. வாயைத் திறக்காம, நிதானமா இழுப்பாரு. அது காலடியில வந்து விழற வரைக்கும்.”

கழுத்துப் பட்டை தோலுக்குள்ளேயே புதைந்து, மேலே சதை மூடியிருந்தது. கால்நடை டாக்டர் அதை வெட்டி எடுத்து முடிப்பதற்குள் தம்பி வெளியே போய் நின்றுகொண்டான். அவள்தான் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

“கண்ணு திரும்ப வராதும்மா. கிட்னியும் பாதி போயிருக்கு. வலிப்பு வேற” என்றார் டாக்டர். “இந்த மாத்திரையை விளக்கு வைக்கிற நேரத்துல தவறாம குடுங்க. இன்னொரு பெரிய வலிப்பு வந்தா இதோட உடம்பு தாங்காது.”

“குணமே ஆகாதா டாக்டர்?”

“இருக்கற வரைக்கும் நிம்மதியா இருக்கட்டுமே.”

அந்த வார்த்தை அவளுக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது. சாவதற்குள் ஒரு தடவையாவது இந்த ஜீவன் தன் இஷ்டத்துக்கு வாசல் தாண்டிப் போக வேண்டும். அவள் ஆசைப்பட்டதெல்லாம் அவ்வளவுதான்.

ஆனால் பட்டை போன பிறகு பெரியவருக்குத் தூக்கமே வரவில்லை. வெறுங்கழுத்தைச் சுவரில் தேய்த்துத் தேய்த்து அழுதார். பழகின வாசனை ஏதாவது பக்கத்தில் இருந்தால் அடங்குவார் என்று அவளுக்குத் தோன்றியது. உபயோகமான எதையும் தூக்கிப்போட அவளுக்குக் கை வராது. டாக்டர் வெட்டிய அந்தத் தோல் பட்டையைக்கூட சோப்புப் போட்டு அலசி, காயவைத்து வைத்திருந்தாள். அதில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டினாள். மீந்த வெல்வெட் துணிக்குள் அதை வைத்துத் தைத்து, பூப்போல ஒரு புதுப் பட்டை செய்து போட்டுவிட்டாள். போட்ட நிமிஷமே பெரியவர் குறட்டை விட்டார். தன் சாமர்த்தியத்தை அவளே மெச்சிக்கொண்டாள்.

இப்போது ஒவ்வொரு சாயங்காலமும் அவர் நிற்கிற இடம் உள்ளே வந்துகொண்டிருந்தது. முதலில் வாசற்படி, அப்புறம் மிதியடி, இன்று மிஷின் பக்கம். தையல்காரி கை சும்மா இருக்குமா? அவர் முன்னங்கால் நின்ற இடத்திலெல்லாம் சாக்கட்டியால் கோடு போட்டு வந்திருந்தாள். மிஷினை விட்டு எழுந்து அந்தக் கோடுகளைப் பார்த்தாள். எல்லாம் வளைவு. ஒன்றுக்குள் ஒன்று அடங்கிய வளைவுகள். ரவிக்கைக் கழுத்து வெட்டி வெட்டிப் பழகிய கண் அவளுடையது. வளைவைக் கண்டால் அதன் மையம் தானாகத் தெரிந்துவிடும்.

மூலையில் கிடந்த நாற்காலி. தைத்த துணியை வாங்க வருகிறவர்கள் காத்திருக்கப் போட்டது. அதில் யாரும் இல்லை.

கழுத்தில் தொங்கிய அளவு டேப்பை விரலில் சுற்றிக்கொண்டே தம்பிக்குப் போன் செய்தாள்.

“கண்ணு தெரியாத நாய்தானேக்கா. பழக்க தோஷம். நீ மனசைப் போட்டுக் குழப்பிக்காத.”

“ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்டா.”

“லோடு இறக்கணும்க்கா, காலையில வரேன். அந்த டேப்பையாவது கழட்டிட்டுக் கொஞ்சம் படு. நூலு, நாடா, துண்டுத் துணின்னு எல்லாத்தையும் தொங்கவிட, உன் கழுத்து என்ன கொடிக்கயிறா?”

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. பின்னால் நகம் தரையில் கீறிக்கொண்டே போகிற சத்தம்.

பெரியவர் நடக்கவில்லை. படுத்தபடியே நகர்ந்துகொண்டிருந்தார். நான்கு காலையும் தரையில் ஊன்றித் தடுத்துக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக, நாற்காலியை நோக்கி. அறையில் எப்போதும் இருக்கும் மிஷின் எண்ணெய் வாசனையும் காது மருந்து வாசனையும் போய், மழையில் நனைந்த இரும்பின் நெடி வந்தது. வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அவர் தாடை நாற்காலிக் காலில் போய் முட்டியது. மூச்சு விசிலடித்தது.

ஓடிப்போய்ப் பட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். நுழையவில்லை. நேற்றுவரை இரண்டு விரல் தாராளமாகப் போனது.

“ஒண்ணுமில்ல பெரியவரே, ஒண்ணுமில்ல. இதோ ஆச்சு.”

பிளேடை எடுத்துத் தையலைப் பிரித்தாள். வெல்வெட் விரிந்தது. உள்ளங்கை நீளத் துண்டைத்தான் அவள் வைத்துத் தைத்தது. வெளியே இழுத்தபோது அதன் முனை வரவில்லை. இன்னும் வந்தது. இன்னும். ஈரமாக, வெதுவெதுப்பாக, கழுத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தது. ஒரு கையில் பிளேடு, மறு கையில் பெரியவரின் தலை. வேலை மும்முரத்தில் எதைச் செய்வாளோ அதையே செய்தாள். பட்டையைத் தன் கழுத்தில், டேப்புக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். போட்டதைக் கவனிக்கக்கூட இல்லை.

பெரியவர் நீளமாக மூச்சு இழுத்தார். எழுந்து உடம்பை உதறினார். பிறகு நடந்தார். முதல் கோட்டைத் தாண்டினார். அடுத்ததையும். மிதியடியை முகர்ந்தார். திறந்திருந்த கதவு வழியே, காற்றை மோந்துகொண்டு, படி இறங்கி நின்றார்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “ராஜா மாதிரி போறீங்களே!” என்றாள். தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. மாத்திரை நேரம். உறையிலிருந்து ஒன்றைப் பிரித்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

மிதியடி தாண்டி ஓர் அடி.

தலை பின்னுக்கு வெட்டியது.

கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். தொண்டை எரிந்தது. மிஷினில் டேப் மாட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்து, அதைக் கழற்றி எறிந்தாள். எழுந்தாள். மறுபடியும் வெட்டியது. அதே இடம். அப்போதுதான் பட்டை ஞாபகம் வந்தது.

கழுத்தைத் தடவினாள். பட்டை இல்லை. வழவழப்பான தோல்தான் விரலுக்குத் தட்டுப்பட்டது. தோலுக்கு அடியில், கழுத்தைச் சுற்றிலும், ஒரு மேடு.

வெளியே ஏதோ விழுந்தது.

பெரியவர் படியடியில் பக்கவாட்டில் கிடந்தார். கால்கள் உதைத்துக்கொண்டிருந்தன. வாயில் நுரை. வெள்ளைக் கண்கள் அவளைத்தான் பார்ப்பதுபோல் திறந்திருந்தன. அவள் தரையோடு தரையாகப் படுத்துக் கையை நீட்டினாள். தோள் மூட்டு கழன்றுவிடும்போல வலித்தது. ஒரு சாண் போதவில்லை.

ஒரே ஒரு சாண்.

தெருவில் யாரோ சைக்கிளில் போனார். கூப்பிட வாயைத் திறந்தாள். மூச்சின் விசில் மட்டும் வந்தது.

பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது. யாரோ சாய்ந்து வசதியாக உட்கார்கிற சத்தம்.

கிளிங்.

அவள் முழங்கை மிதியடியைத் தாண்டிப் பின்னுக்கு நகர்ந்தது. நகத்தால் தரையைப் பிடித்தாள்.

கிளிங்.

முதல் கோடு. அதட்டல் இல்லை. பேச்சு இல்லை. மாத்திரை கையிலிருந்து நழுவி, உருண்டு, வாசற்படி விளிம்பில் போய் நின்றது. அதற்கு அந்தப் பக்கம் பெரியவரின் கால்கள் உதைத்துக்கொண்டே இருந்தன, மெதுவாக, இன்னும் மெதுவாக. இந்தப் பக்கம், வளையம் வளையமாக, அவசரமே இல்லாமல், யாரோ அவளை மடிக்கு இழுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தார்.