ஒட்டுப்போட்ட கார்பெட்

ஒட்டிய துண்டின் இழைகள் மட்டும் வாசல் பக்கம் படியாமல் திவான் பக்கமே திரும்பிக்கொண்டிருந்தன. புஷ்பலதா மறுபடியும் சீப்பால் வாரிவிட்டாள். வாரும்போது படிந்தன. கையை எடுத்ததும் எழுந்துகொண்டன.

மத்தியானத்திலிருந்து மழை. செம்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து வந்த தவளைச் சத்தமும், ஈரம் ஏறிய கார்பெட்டின் வாடையும், அதற்குள் இன்னும் போகாத கருகல் நெடியும் சேர்ந்து ஹாலை அடைத்திருந்தன. கணவர் கோதண்டத்தின் படத்துக்கு முன்னால் ஏற்றிய விளக்கு நேற்று சாய்ந்ததில், கார்பெட்டில் ஒரு பிஸ்கட் அகலத்துக்குப் பொசுங்கிவிட்டது. பதினாறாம் நாள் காரியத்தோடு நிறுத்தியிருக்க வேண்டிய விளக்கு. போகிற ஆத்மாவை அதற்குமேல் பிடித்து வைக்கக் கூடாது என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்கள் வீட்டிலெல்லாம் பேச ஆள் இருந்தது. அவளுக்கு மாதக்கணக்காக அந்த விளக்குதான்.

போன் அடித்தது. மகள் உதயா.

“காலைல பெருங்களத்தூர்ல இறங்கிடுவேன்மா. விளக்கு கிளக்கு ஏத்துறியா இன்னும்?”

“இல்லடி.”

“ஏத்துனேன்னு தெரிஞ்சுது, வீட்டைப் பூட்டிட்டு உன்னைக் கையோட கூட்டிட்டு வந்துடுவேன். தனியா இருந்தது போதும்.”

கருகல் கண்ணில் பட்டால் வீடு போயிற்று. அதனால்தான் கருகியதைச் சதுரமாக வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, திவானுக்கு அடியில் அதே அளவு வெட்டி எடுத்து இங்கே ஒட்டினாள். எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்த வைத்தியம். சட்டைக் காலர் கிழிந்தாலும் சோபா கிழிந்தாலும் கோதண்டம் அதையேதான் சொல்வார்: “தெரியாத இடத்துல வெட்டு, தெரியற இடத்துல ஒட்டு.”

விளக்கு வைக்கும் நேரம். மனசு கேட்கவில்லை. இந்த முறை ஒரு தட்டில் வைத்து ஏற்றிவிட்டு, டீ போட உள்ளே போனாள்.

ஹாலில் சத்தம். சர்ர்... சர்ர்... உள்ளங்கையால் கார்பெட்டைத் தடவிவிடும் சத்தம். அவர் தினமும் அப்படித்தான் தடவிவிடுவார்.

வந்து பார்த்தாள். ஒட்டிய இடமே தெரியவில்லை. இழைகள் அத்தனையும் வாசல் பக்கம் படிந்திருந்தன.

அவளுக்குப் பயம் வரவில்லை. சந்தோஷமாக இருந்தது.

“நீங்களாங்க?”

கொண்டைக்கு அடியில், பிடரியில் சில்லென்று விரல்கள். நடக்கும்போது அவர் அங்கேதான் கை வைப்பார். கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். இத்தனை நாள் யாருமே அவளைத் தொட்டதில்லை.

கண்ணைத் திறந்தபோது விளக்கு அணைந்திருந்தது.

சர்ர்...

திவானுக்கு அடியில்.

போன் வெளிச்சத்தோடு குனிந்தாள். தேங்காய் எண்ணெய் வாசனை. அவள் தலைக்கு வைக்கும் எண்ணெய்.

வெட்டி எடுத்த ஓட்டை அங்கே இல்லை. யாரோ அடைத்திருந்தார்கள். சதுரமாக. கச்சிதமாக.

தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

இழைகள் நரைத்திருந்தன.

கை தானாகக் கொண்டைக்கு அடியில் போயிற்று. வலி இல்லை. ரத்தம் இல்லை. நான்கு மூலைகள் மட்டும் விரலில் தட்டின. உதயா பார்த்தாலும் தெரியாத இடம்.

திவானுக்கு அடியில் அந்த நரைமுடி, கொஞ்சம் கொஞ்சமாக, வாசல் பக்கம் படிந்துகொண்டிருந்தது.