கதவுக்குப் பின்னால் ஒரு முக்காலி

"சார், நீங்க போலீஸா?"

கேட்டவள் அந்தப் பழைய வீட்டைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டிப் பெண். காலையில் கலகலவென்று பேசியவள், இப்போது கண் சிவந்து நின்றாள்.

"இருந்தேன். ரிட்டயர் ஆயாச்சு," என்றார் இன்ஸ்பெக்டர். யார் சொல்லியிருப்பார்கள் என்று கேட்கவே வேண்டாம். டிக்கெட் வாங்கும்போதே "எங்க அத்தான் யாருன்னு தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடும் மைத்துனர், பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

மனைவி இறந்தபின் இன்ஸ்பெக்டருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஊர் ஊராகப் போனார். அக்கா போய்விட்டாலும் அத்தானைத் தனியே விடக்கூடாது என்று மைத்துனரும் ஒட்டிக்கொண்டார். இருவரும் எல்லாவற்றையும் பேசுவார்கள், அவளைப் பற்றி மட்டும் பேசமாட்டார்கள்.

வெள்ளைக்காரர் ஆட்சியில் ஒரு வியாபாரக் குடும்பம் கட்டிய மாடி வீடு அது. குடும்பம் சிதறியபின் ஓர் அறக்கட்டளையின் கைக்கு வந்து காட்சிக்கூடமாகிவிட்டது. கட்டில்களில் மெத்தை விரித்திருந்தது, படுக்க ஆள் இல்லை. மேஜையில் தட்டுகள் வரிசையாக இருந்தன, சாப்பிட ஆள் இல்லை. தன் வீடும் இப்போது ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் காலையிலேயே நினைத்துக்கொண்டார்.

"விஷயத்தைச் சொல்லும்மா."

"மாடியில குழந்தைங்க அறையில ஒரு முக்காலி இருக்குல்ல சார்? மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டைப் பூட்டுவோம். திரும்பத் திறந்தா அது கீழே, சமையலறைக்குப் போற நடையில, கதவுக்குப் பின்னால இருக்கு. அடிக்கடி இப்படி ஆகுது. நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம, 'குழந்தைப் பேய் இறங்கி வருது'ன்னு ஒரு நாள் வந்தவங்ககிட்ட விளையாட்டாச் சொல்லித் தொலைச்சேன். கூட்டம் சேர்க்க நானே செய்றேன்னு மேனேஜர் முடிவு கட்டிட்டார். இன்னிக்கும் இறங்கியிருக்கு. சாயங்காலத்தோட வேலை இல்லைன்னுட்டார். எங்க வீட்டுல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான்."

"பூட்டினதும் நீ எங்கே இருப்பே?"

"மாடிப்படிக்குக் கீழே காவலாளி அண்ணனோட உக்காந்து சாப்பிடுவேன். அந்தப் படியில யாரும் ஏறலை, இறங்கலை. சொன்னா, ரெண்டு பேரும் கூட்டுங்கிறார் மேனேஜர்."

"வேற படி?"

"பின்னால வேலைக்காரங்க படி இருக்கு. சமையலறை ஓரமாக் கொல்லையில போய் முடியும், அந்தப் பக்கக் கதவைப் பூட்டறதில்லை. அங்கே பெரியம்மா அறை மட்டும்தான்."

பெரியம்மாவை அவர்கள் காலையில் பார்த்திருந்தார்கள். அந்தக் குடும்பத்தின் கடைசி மகள் என்றார்கள். அறக்கட்டளை கொடுத்த கொல்லைப்புற அறையில் ஒண்டியாக இருக்கிறாள். சாப்பாட்டு அறையில் நின்று வந்தவர்களுக்குப் பழைய கதை சொன்னாள். பெரிய அண்ணன் தட்டில் எப்போதும் பாதி மிச்சமிருக்கும், சின்னவன் ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து ஒதுக்கிவிடுவான், அப்பா ஆறிப்போன சூப்பைத் தொடமாட்டார் என்றெல்லாம் சொன்னாள். "நீங்க உக்கார்றது எந்த நாற்காலிம்மா?" என்று மைத்துனர் கேட்டபோது, "ஏதோ ஒண்ணு, ஞாபகம் இல்லை," என்றாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு வழிகாட்டிப் பெண் மேஜை நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டும் அவள் உட்காரவில்லை.

மைத்துனர் துள்ளினார். "கேஸ் முடிஞ்சுது அத்தான்! பின்படி யாருக்குப் பக்கம்? பெரியம்மாவுக்கு!"

"சரி மாப்ளே. தன் வீட்டு முக்காலியில உக்கார அவங்க ஏன் ஒளிஞ்சு வரணும்? கேட்டா மேனேஜரே மெத்தை போட்டுக் கொடுப்பாரே."

மைத்துனரின் உற்சாகம் புஸ்ஸென்று இறங்கியது.

மூவரும் நடைக்குப் போனார்கள். சாப்பாட்டு அறைக் கதவு நடைக்குள் பாதி திறந்து நின்றது. கதவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த மூலையில் முக்காலி கிடந்தது. மைத்துனர் மறுபடி உயிர் பெற்றார். "புரிஞ்சுது! கதவிடுக்கு வழியா மேஜையை எட்டிப் பார்க்கிற இடம் இது."

"உக்காந்து பாரு."

மைத்துனரின் வயிறு ஒத்துழைக்கவில்லை. இன்ஸ்பெக்டரே உட்கார்ந்தார். கீல் பக்கம் மரச்சட்டம் அடைத்திருந்தது. நூல் அளவு வெளிச்சம்கூட வரவில்லை. கதவு சாப்பாட்டு அறையை முழுசாக மறைத்தது. எதிரே நடையின் அந்தக் கடைசியில் சமையலறை, அதில் அணைந்துபோன அடுப்பு. வேறெதுவும் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் அந்த அடுப்பையே பார்த்தார். பிறகு, "மேனேஜர் அப்புறம். முதல்ல பெரியம்மா," என்றார்.

கொல்லை அறையில் ஒரு கட்டில், ஒரு ஜன்னல். பெரியம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முக்காலி என்ற வார்த்தையைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்தது.

"தப்பா நினைக்காதீங்கம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "மேஜையில உக்காந்து சாப்பிட்ட குழந்தைக்குத் தன் நாற்காலி மறக்காது. உங்களுக்கு அது ஞாபகம் இல்லை. யார் தட்டுல என்ன மிச்சம்னு மட்டும் அத்தனையும் ஞாபகம் இருக்கு. அது, தட்டு சமையலறைக்கு வந்தப்புறம் பார்த்தவங்களுக்குத் தெரியற விஷயம். கால் வலிச்சும் இன்னிக்கு அந்த மேஜைகிட்ட நீங்க உக்காரலை. கதவுக்குப் பின்னால உக்காந்தா தெரியறது அடுப்பு ஒண்ணுதான். அடுப்புல நின்ன யாரையோ பார்க்கத்தான் போறீங்க. யாரும்மா அது?"

"எங்கம்மா," என்றாள்.



"அவ இங்கே சமையல்காரி. எஜமானி கண்ணுல நான் படக்கூடாதுன்னு அந்தக் கதவுக்குப் பின்னால உக்கார வைப்பா. அது எங்க அடுப்படி முக்காலி. அழகா இருக்குன்னு மாடியில கொண்டுபோய் வச்சுட்டாங்க. அவ கிண்டிக்கிட்டே அப்பப்போ திரும்பி என்னைப் பார்த்துச் சிரிப்பா. எல்லாரும் போயி, அவளும் செத்து, நான் மட்டும் வீட்டைப் பெருக்கிட்டு இருந்தேன். அறக்கட்டளைக்காரங்க வந்து, நீங்க அந்தக் குடும்பத்துப் பொண்ணான்னு கேட்டாங்க. இல்லைன்னா தெருவுலதான் நிக்கணும். ஆமான்னுட்டேன். அன்னிலேருந்து சுவத்துல இருக்கிற எஜமானி படத்தைக் காட்டி, 'இதான் எங்கம்மா'ன்னு தினமும் சொல்றேன். திரும்பத் தூக்கிட்டு ஏற முழங்கால் விடலை, அதான் முக்காலி கீழேயே கிடக்கு. இந்தப் பொண்ணு தலையில விடியும்னு எனக்குத் தெரியாது."

மைத்துனர் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினார்.

"பழைய ஞாபகத்துல நீங்கதான் இறக்கி வச்சீங்கன்னு மேனேஜர்கிட்ட சொல்றேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "இவ வேலை நிலைக்கும். மத்தது இந்த அறையை விட்டு வெளியே போகாது."

நல்ல யோசனைதான். பெரியம்மா தலையாட்டியிருந்தால் அறை அவளுக்கே. அவள் யோசித்துப் பார்த்தாள்.

"வேண்டாங்க. நாளைக்கும் நான் போய் அந்தப் படத்துக்கு முன்னால நிக்கணுமே," என்றாள். பிறகு வழிகாட்டிப் பெண்ணின் கையைப் பிடித்தாள். "இனிமே வர்றவங்களைச் சமையலறைக்கும் கூட்டிட்டுப் போ. அந்த அடுப்புல ஒருத்தி நின்னான்னு சொல்லு."

"யாருன்னு சொல்லட்டும்?"

"என் அம்மான்னு சொல்லு. அறை போனாப் போகட்டும்."

அந்தப் பெண் அழுதபடியே கேட்டாள். "அவங்க பேர் என்னம்மா?"

இத்தனை வருஷத்தில் அதை யாருமே கேட்டதில்லை. கொல்லையில் மேனேஜரின் செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. பெரியம்மா பெயரைச் சொன்னாள். சத்தம் வாசலுக்கே வந்துவிட்டது. அவள் குரலைத் தாழ்த்தாமல் இன்னொரு தடவை சொன்னாள்.