பூஜ்யத்துக்குக் கீழே

அறிக்கை எழுதும் புரோகிராம் அன்று மாலையும் அந்த ஒரு சோதனைப் பறப்பின் அறிக்கையை மட்டும் மூட மறுத்தது. விமானம் இறங்கிச் சக்கரம் நின்றால்தான் அறிக்கை முடியும். அதை எழுதிய அவள்தான் அதற்கு அப்படிச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அந்த விமானம் இறங்கவில்லை. கடலில் விழுந்து மாதங்கள் ஓடிவிட்டன. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. அந்த விமானத்தை ஓட்டிப் போனவனுக்கோ கூடப் பிறந்த அக்கா.

முன்பெல்லாம் ஒரு சோதனைப் பறப்பின் அளவுகளை நாலு பேர் வாரக்கணக்கில் அலசுவார்கள். இந்தப் புரோகிராம் வந்ததும் எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. "நான் இறங்கி டீ குடிக்கறதுக்குள்ள ரிப்போர்ட் ரெடியாக்கா? என்னைவிட அதுதான் வேகமாப் பறக்குது" என்று தம்பி கேலி செய்வான்.

தலைமைப் பொறியாளர் போனில் தயங்கினார். "நீங்களே கையால மூடிடுங்கம்மா. தேடறதையும் இன்னைக்கோட நிறுத்தறாங்க."

"சரி சார்."

எல்லோரும் கிளம்பிப்போன கூடத்தில், ஜன்னலில் வழியும் மழையும் குளிரூட்டியின் ஈரத்துணி வாடையும் சுவருக்குப் பின்னால் ஓயாமல் முனகும் கணினிகளுமாக அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். மூடுவதற்குக் கை போனபோதுதான் திரையின் ஓரத்தைக் கவனித்தாள். தவறென்று புரோகிராம் ஒதுக்கிய அளவுகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. இப்போதும். அந்த விமானத்திலிருந்து.

உயரம் பூஜ்யத்துக்கு, அதாவது கடல்மட்டத்துக்கு, கீழே போனால் அது கருவியின் கோளாறு, தூக்கிப் போடு. இதுவும் அவள் எழுதிய விதிதான். எந்தப் பொறியாளரும் அப்படித்தான் எழுதுவார். அவள் அந்த விதியை நீக்கினாள்.

உயரக்கோடு பூஜ்யத்தைத் தாண்டிக் கீழே இறங்கியது. இறங்கி, ஆழத்தில் ஓரிடத்தில் அசையாமல் படுத்தது. அதன் அடியில் விமானியின் இதயத்துடிப்பு. மெதுவாக. சீராக.

நடுநடுவே கறுப்புக் கோடுகள். ஏதோ சரியில்லை, உடனே பாருங்கள் என்று சொல்ல விமானி அழுத்தும் பொத்தானின் கோடுகள். ஒன்று. இன்னொன்று. பக்கம் பக்கமாக. இத்தனை மாதமும் அழுத்தியிருக்கிறான்.

"டேய்... நான் பாக்கலைடா," என்றாள் அழுகையோடு.

கோடுகள் நின்றன.

இதயத்துடிப்பு எகிறியது. பொத்தானின் கோடு மறுபடி விழுந்தது. மறுபடியும். மறுபடியும். இடைவெளியே இல்லாமல். கோட்டோடு கோடு ஒட்டி, திரை முழுவதும் கறுப்பானது.