ஒட்டின இடம்

படி ஒன்று குறைந்திருந்தது.

மத்திகிரியில் அவர்கள் வாடகைக்கு இருந்தது மாடி வீடு. பள்ளிக்கூட வேனுக்கு இறங்கும்போது ஏழு வயது ஜாஸ்லின் தினமும் படிகளை உரக்க எண்ணிக்கொண்டே குதிப்பாள், கீழ்வீட்டுக்காரர்கள் தலையிலடித்துக்கொள்ளும் அளவுக்கு. பதினான்கு. இரண்டு வருடமாக அதே பதினான்கு. அந்தத் திங்கட்கிழமை காலை, கால்நடைப் பண்ணைப் பக்கமிருந்து ஐப்பசிப் பனி சாண வாடையோடு தெருவுக்குள் நகர்ந்து வந்துகொண்டிருக்க, அவள் "பதிமூணு" என்று சொல்லிவிட்டுத் தரையில் நின்றாள். பின்னாலேயே சாப்பாட்டுப் பையோடு இறங்கிய ஆரோக்கியசெல்விக்கு, இன்னொரு படி இருக்கிறது என்று நம்பி வைத்த கால் தரையில் இடித்து, முழங்கால்வரை விண்ணென்று வலித்தது.

"ஒண்ண விட்டுட்டியா பாப்பா?"

"இல்லம்மா. எப்பவும் பதிமூணுதானே?"

வேன் போனபிறகு செல்வி மறுபடி ஏறி இறங்கிப் பார்த்தாள். பதிமூன்றுதான். கைப்பிடிக் கம்பியில் வெட்டின தடமில்லை, சிமெண்டில் பூசின தடமில்லை. தூக்கம் போதவில்லை என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அவள் வேலை பார்த்த கம்பெனி, பாகலூர் போகிற வழியில், இரும்பு அடிக்கிற ஷெட்டுகளுக்கு நடுவே ஜன்னல் இல்லாத ஒரு வெள்ளைக் கட்டடம். மனித உடம்பிலுள்ள புரதங்களை ஆராய்ச்சிக்கூடங்களுக்குச் செய்து விற்கிறார்கள். மனிதனுடைய மரபணுவை பாக்டீரியாவுக்குள் வைத்து, அதை வளர்த்து, உடைத்து, வடிகட்டி, கடைசியில் சின்ன டியூபில் கால்வாசிகூட நிரம்பாத தண்ணீர் மாதிரி ஒன்றை எடுப்பார்கள். பன்னிரண்டு வருட அனுபவத்தில் செல்விக்கு இதெல்லாம் இட்லி மாவு அரைக்கிற மாதிரிதான். இந்த வருடம் வந்த ஆர்டர்தான் எல்லாரையும் அழவைத்தது. ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டுகிற ஒரு மனிதப் புரதம்.

"நம்ம செல்லுக்குள்ள மரபணுவோட நகல் ஒண்ணு தயாராகும். அதுல வேண்டாத துண்டுங்க நடுநடுவுல இருக்கும்," என்று லேப் தலைவர் ஹரீஷ்குமார் முதல் நாளே விளக்கியிருந்தார். "இந்தப் புரதம் கூட்டாளிங்களோட சேர்ந்து அந்தத் துண்ட வெட்டி எறிஞ்சுட்டு ரெண்டு முனையையும் ஒட்டிடும். ஒட்டின இடமே தெரியாது."

பதினோரு முறை செய்தும் பதினோரு முறையும் திரிந்த பால்போலக் கட்டி தட்டிப் போனது. அப்போதுதான் கூட்டிப் பெருக்குகிற சாந்தம்மா அந்த யோசனையைச் சொன்னாள். ஆயுத பூஜைக்கு எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் கம்பெனிக்கு வருமே, கைராசிக்காரப் பிள்ளை ஒன்றை விட்டுத் தொடச் சொன்னால் என்ன? செல்வி எலத்தகிரிக் கிறிஸ்தவக் குடும்பம்தான், ஆனால் ஓசூர்க் கம்பெனிகளில் ஆயுத பூஜையன்று பொரியும் சுண்டலும் வாங்காத ஆள் கிடையாது. ஃபிரீசருக்குச் சந்தனப் பொட்டு வைத்த அந்த மதியம் சாந்தம்மா ஜாஸ்லினை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். கையுறை போடாமல் மேசைப் பக்கம் யார் வந்தாலும் சீறுகிற செல்வி, தானே மகளின் சுண்டுவிரலைப் பிடித்து, பன்னிரண்டாவது தடவைக்கான குடுவைக்குள் நனைத்தாள். ஹரீஷ்குமார் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்.

பன்னிரண்டாவது தடவை கண்ணாடிபோல் தெளிவாக வந்தது. நாற்பது டியூப். மைனஸ் எண்பது டிகிரியில் உறைய வைத்தார்கள். எல்லாருக்கும் மைசூர்பாகு.

படி குறைந்தது திங்கள். புதன்கிழமை லாரி. பண்ணைச் சுவரோரம் டயரெல்லாம் கழன்று கிடந்த சிவப்பு லாரி ஒன்றுக்கு ஜாஸ்லின் தினமும் வேனிலிருந்து டாட்டா காட்டுவாள். செல்வி ஸ்கூட்டரில் போகும்போது வேப்பமரம் வந்தது, உடனே டீக்கடை வந்தது. நடுவில் லாரி நின்ற முப்பது அடிச் சுவரே இல்லை. இறங்கி மீதிச் சுவரைத் தடவிப் பார்த்தாள். பாசிகூட விட்டுப்போகாமல் ஒரே சீராக ஓடியிருந்தது. டீக்கடைக்காரர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை சாந்தம்மா.

பெண்கள் உடை மாற்றுகிற அறையில் ஆறு லாக்கர்கள் இருந்தன. இப்போது ஐந்து. செல்வியுடையதற்கும் சரசம்மாவுடையதற்கும் நடுவில் சாந்தம்மாவின் லாக்கர், மல்லிகைப்பூவும் வெற்றிலையும் கலந்த அந்த வாசனையோடு, ஒன்பது வருடமாக இருந்தது. ஒரு கோடுகூட இல்லாமல் இரண்டு தகரமும் ஒட்டி நின்றன. வாசலுக்கு ஓடி செக்யூரிட்டி முனிராஜிடம் கேட்டாள்.

"சாந்தம்மாவா? யாரு மேடம் அது?" கன்னடம் கலந்த அவருடைய தமிழில் கேலி துளியும் இல்லை. "அந்தப் பேர்ல இங்க யாரும் வேல செய்யலியே."

"பாகலூர்ல உங்க பக்கத்து வூடுண்ணா! உங்க பையன் கல்யாணத்துல பூரா அவங்கதான நின்னு செஞ்சாங்க!"

முனிராஜ் மெதுவாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

செல்வி போய் ஃபிரீசர் நோட்டை எடுத்தாள். எதை எடுத்தாலும் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும், கம்பெனி வழக்கம். திங்கள், ஒரு டியூப் உருக்கிச் சோதனை. புதன், ஒன்று. வெள்ளி, ஒன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஹரீஷ்குமாரின் சாய்ந்த கையெழுத்தில், "செயல்பாடு மிக நன்று." உறைந்திருக்கும்போது அது தூங்குகிறது. உருக்கினால் வேலை செய்கிறது. ஜாஸ்லின் எண்ணிய படி. ஜாஸ்லின் டாட்டா காட்டிய லாரி. ஜாஸ்லினைத் தூக்கிய இடுப்பு. அவள் விரல் நனைத்ததை அது மறக்கவில்லை. சுற்றிச் சுற்றி அவளிடம் வந்துகொண்டிருக்கிறது. செல்வி ஹரீஷ்குமாரிடம் ஓடினாள்.

"சார், நாளைக்கு எடுக்காதீங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

"செல்வி, ரெண்டு நாள் லீவப் போட்டுட்டு நல்லாத் தூங்குங்க," என்றார் ஹரீஷ்குமார், உண்மையான அக்கறையோடு. "கடைசிச் சோதனை இது. மீதி திங்கக்கிழமை பெங்களூர் போயிடும்."

சனிக்கிழமை ஒன்று உருகியது.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, மதியம் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஜாஸ்லின் கோழிக்குழம்புச் சோற்றை அள்ளி வாயில் வைத்தாள். செல்வியின் கண் அந்தக் கையில் நின்றது. கட்டைவிரல். அதற்குப் பக்கத்தில் மூன்று. உள்ளங்கை அங்கேயே வளைந்து முடிந்திருந்தது. தழும்பு இல்லை. ரத்தம் இல்லை. பிறந்ததிலிருந்து அப்படித்தான் என்பதுபோல ரேகைகூடச் சுற்றிக்கொண்டு போயிருந்தது.

"ஏங்க... பாப்பா விரலு..."

"விரலுக்கு என்ன?" அவள் கணவன் எட்சன், மார்த்தாண்டம் பக்கத்துக்காரன், மகளின் கையைத் தூக்கித் தன் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தான். அவனுக்கு ஐந்து. அவளுக்கு நான்கு. "நல்லாத்தானே இருக்கு? ஏன் மக்ளே, வலிக்குதா?"

ஜாஸ்லின் சிரித்தாள்.

மீதி முப்பத்தாறு டியூப். நாளை பெங்களூரில் எவனெவனோ எந்தெந்த மேசையிலோ ஒவ்வொன்றாக உருக்குவான். ஒவ்வொன்றுக்கும் தன் மகளில் ஒரு துண்டு. செல்வி கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

மூன்று மணி வெயிலில் ஷெட்டுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. கட்டடத்துக்குள் வெயில் தெரியாது. நீளமான நடையில் விளக்குகள் அவள் நடக்க நடக்க ஒவ்வொன்றாக எரிந்தன, பின்னால் ஒவ்வொன்றாக அணைந்தன. பாக்டீரியா வளர்த்த குடுவைகளின் புளித்த வாடை. எங்கோ சொட்டுகிற குழாய். எல்லாவற்றுக்கும் அடியில் ஃபிரீசரின் ஓயாத முனகல், வாயை மூடிக்கொண்டு யாரோ பாடுகிற மாதிரி. கதவைத் திறந்ததும் வெண்புகை காலடிவரை வழிந்தது. பெட்டியை எடுத்தாள். கையுறையையும் தாண்டிக் குளிர் எலும்பைக் கடித்தது.

கொதிக்க வைத்தால் எப்பேர்ப்பட்ட புரதமும் செத்துவிடும். படித்த முதல் பாடம். முப்பத்தாறையும் ஹீட்டிங் பிளாக்கின் குழிகளில் சொருகினாள். தொண்ணூற்றைந்து டிகிரி என்று அமைத்தாள். பொத்தானை அமுக்கினாள். சிவப்பு எண் ஏறத் தொடங்கியதும், ஒரு வாரமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, "மாதாவே, முடிச்சிட்டேன்," என்றாள்.

போன் அடித்தது. எட்சன், வீடியோ காலில்.

"எங்க போய்ட்ட நீ? எஸ்லின் வீட்டு பர்த்டேக்கு நேரமாச்சு. இவளுக்கு ஒத்தப் பின்னலா, ரெட்டப் பின்னலா?"

கட்டிலில் ஜாஸ்லின் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள், தலையில் சீப்பு சொருகியபடி. திரும்பி அம்மாவுக்குக் கையசைத்தாள். மூன்று விரல்.

செல்வி பிளாக்கைப் பார்த்தாள். பதினெட்டு டிகிரி. டியூப்களின் ஓரத்தில் வெண்மை மறைந்து, உள்ளே தண்ணீர் மினுங்கியது. முப்பத்தாறிலும்.

கொதிப்பதற்கு முன்னால் உருக வேண்டும்.

இது தெரியாதவளா அவள்? பன்னிரண்டு வருடம். தினமும். தன் கையால்.

"அம்மா, ரெட்டப் பின்னல்தானே நல்லாருக்கும்?" ஜாஸ்லின் மறுபடி கையை ஆட்டினாள். உள்ளங்கை முழங்கையிலிருந்தே தொடங்கியது.

இருபத்தாறு. எடுத்துத் திரும்ப உறைய வைத்தால் கால் மணி நேரம். விட்டால் நான்கு நிமிடம். கை பிளாக்குக்கும் ஃபிரீசருக்கும் நடுவே தவித்தது. ஒரு டியூபை உருவினாள். திரும்பச் சொருகினாள். ஏறு. சீக்கிரம் ஏறு.

"ஏங்க, பாப்பாவப் பிடிச்சுக்கங்க! கெட்டியாப் பிடிச்சுக்கங்க!"

"பிடிச்சுட்டுத்தானே பின்னுறேன்," என்றான் எட்சன், ரிப்பனைப் பல்லில் கடித்தபடி. அவன் விரல்கள் பொறுமையாக, அன்பாக, கூந்தலைப் பிரித்து மடித்தன. உள்ளங்கை இப்போது தோளிலேயே இருந்தது. அடுத்த முறை செல்வி பார்த்தபோது தோளே இல்லை.

முப்பத்தேழு.

மனித உடம்பின் சூடு. அதற்குப் பிடித்த சூடு. எண் அங்கே நின்றது. ஏறவில்லை. டியூப்கள் மெல்ல நடுங்கின. செல்வி பிளாக்கை இரண்டு கையாலும் அறைந்தாள்.

"அம்மா ஏன் அழறாங்கப்பா?" குரல் மட்டும் மாறவேயில்லை.

எட்சன் ரோஜா நிற கவுனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். "இவ்ளோ நீளமா எதுக்கு வாங்குன செல்வி? இவளுக்கு இதுல எந்த இடம் சேரும்?" அதை மடித்து ஓரமாக வைத்தான். "எறங்கி நில்லு மக்ளே. அம்மாக்கு பின்னலக் காட்டு."

ஜாஸ்லின் கட்டிலிலிருந்து குதித்தாள். சிரித்த முகம். முகவாய்க்கு நேர் கீழே, கொலுசோடு, இரண்டு சின்னப் பாதங்கள். இடையில் ஒன்றுமில்லை. ஒட்டின இடம் தெரியவில்லை.

"அம்மா, சீக்கிரம் வா," என்றாள். பிறகு போனை நோக்கி நடந்து வந்தாள், கொலுசு குலுங்க, முகம் திரையில் பெரிதாகிக்கொண்டே வர, அப்பா அழகாகப் பின்னிவிட்ட இரண்டு பின்னலும் பின்னால் தரையில் இழுபட.